நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் பிழை

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்த ஒற்றைப் பக்கம் நானூறு பேருக்குப் போய்ச் சேரும். திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் இருந்த அந்த மென்பொருள் கம்பெனியில் வேறு எந்த மின்னஞ்சலைத் திறக்காமல் விட்டாலும் அதைத் திறக்காமல் விட்டவர் கிடையாது. வெளிநாட்டு ரயில்வே ஒன்றுக்காக, பயணிகள் ரயிலின் பிரேக், கதவு, விளக்கு, அறிவிப்பு எல்லாவற்றையும் இயக்கும் மென்பொருளைப் பதினோரு அணிகள் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தன. இந்த வாரம் எந்த அணி எத்தனை பிழை கண்டுபிடித்தது, எத்தனையைத் திருத்தியது, எத்தனை இன்னும் திருத்தாமல் கிடக்கிறது, எழுதியதை மற்றவர்கள் உட்கார்ந்து சரிபார்த்தது எத்தனை மணி நேரம், ரயில்வேக்காரர்கள் எத்தனை தடவை மனம் மாறினார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் கோடுகளாகவும் கட்டங்களாகவும் இருக்கும். அடியில் சின்ன எழுத்தில், தயாரித்தவர் பாகீரதி நாகேஸ்வரன்.

கிழக்கேகோட்டையில் கோட்டைக்குள் ஒரு தெருவில் பிறந்தவள் பாகீரதி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நாலு தலைமுறைக்கு முன் வந்து தங்கிவிட்ட குடும்பம். அப்பாவுக்குக் குமாஸ்தா வேலை. மூன்று பெண்களில் நடுப்பெண்ணான அவள்தான் கணக்கில் கெட்டி என்று புள்ளியியல் படிக்க விட்டார்கள். காரியவட்டத்தில் எம்.எஸ்ஸி. படிக்கும்போது ஆய்வேட்டுக்காக ஒரு கயிறு ஆலைக்குப் போய் மூன்று மாதத் தரப் பதிவேட்டைப் பிரதி எடுத்துவந்தாள். எல்லா நாளும் பழுதான கயிறுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கயிறு அப்படி இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. மறுபடி போய் விசாரித்தபோது, மேஸ்திரி சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதிவைக்கிறார் என்று தெரிந்தது. ஒரு நாள் எண் கூடிப்போனால் முதலாளி கூப்பிட்டுத் திட்டுவாராம். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

கல்யாணமாகி, நாகேஸ்வரனின் வங்கி வேலைக்காக நாலைந்து ஊர் சுற்றி, திரும்பி வந்து முப்பதாவது வயதில் மென்பொருள் கம்பெனியின் தரப் பிரிவில் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு மதிப்பு வந்தது சும்மா அல்ல. ஒரு முறை, எல்லாரும் நன்றாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரிய வேலையில், எழுதி முடித்த பகுதிகளையே திரும்பத் திரும்ப மாற்றி எழுதுகிறார்கள் என்பதை எண்ணிக் காட்டினாள். மேலிடம் வேலையை இரண்டு மாதம் நிறுத்தி, அடித்தளத்தைச் சரிசெய்து மறுபடி தொடங்கியது. நிறுத்தியிராவிட்டால் அந்த வேலை மொத்தமாக மூழ்கியிருக்கும். அன்றிலிருந்து எந்தப் பெரிய திட்டம் வந்தாலும் பாகீரதியைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

ரயில் திட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் ராகேஷ். நல்ல மனிதர், வேகமானவர், யாரிடமும் சத்தம் போட்டுப் பேசாதவர். 2017 தொடக்கத்தில் ஒரு நாள், மாதக் கடைசியில் எந்த அணியில் பதினைந்துக்கு மேல் பிழை திருத்தாமல் கிடக்கிறதோ அந்த அணியின் கட்டத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கச் சொன்னார். சிவப்பு வாங்கிய அணித்தலைவர் வாடிக்கையாளர் கூட்டத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

"இந்த எண்ணிக்கையை வெச்சு ஆளை அளந்தா, எண்ணிக்கையே கெட்டுப் போயிடும்" என்று பாகீரதி மலையாளத்தில் அவரிடம் சொன்னாள்.

"ஆளை அளக்க இல்ல சேச்சி. ஒரு வழிகாட்டிதான்" என்றார் ராகேஷ்.

அதற்கு மேல் அவள் பேசவில்லை. அடுத்த வியாழக்கிழமை கட்டங்களுக்கு நிறம் வந்தது.

கதவு அணியில் சோதனையைப் பார்த்துக்கொண்டவன் வன்னியராஜ். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து தம்பானூரில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை செய்தவரின் மகன். திருவனந்தபுரத்திலேயே பிறந்து, மலையாளத்தில் பள்ளிக்கூடம் படித்து, இன்ஜினியரிங் முடித்தவன். முப்பத்தொரு வயது இருக்கும். மற்றவர்கள் ஒரு பிழையை இரண்டு வரியில் பதிந்துவிட்டுப் போவார்கள். அவன் ரயில் எந்த வேகத்தில் இருந்தது, மின்சாரம் எத்தனை வோல்ட், கதவின் எந்த உணர்கருவி முதலில் பதில் சொன்னது என்று அரைப் பக்கம் எழுதுவான். அவன் பதிவைப் படித்தால் நேரில் பார்த்தது போல இருக்கும் என்று பாகீரதியே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

சிவப்பு வந்த பிறகு மற்ற அணிகளின் கோடுகளில் ஒரு மாற்றம் தெரிந்தது. மாதத்தின் கடைசி வாரத்தில் புதுப் பிழைகள் வற்றிப்போகும். ஒன்றாம் தேதி சட்டென்று மேலே எழும்பும். ரம்பத்தின் பல் மாதிரி, மாதம் தவறாமல். ஆட்கள் பிழைகளைத் தங்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்து ஒன்றாம் தேதி பதிகிறார்கள், சிலவற்றைப் பதிவதே இல்லை. கயிறு ஆலையைக் கண்ட பெண்ணுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும், புரிந்தும்விட்டது. ஆனால் பல் பல்லாக இருக்கும் கோட்டை ராகேஷ் பார்த்தால் கேள்வி கேட்பார், வாடிக்கையாளர் பார்த்தால் இன்னும் கேட்பார். பாகீரதி வாரக் கணக்கை மாதச் சராசரியாக மாற்றினாள். கோடு வழவழவென்று ஆகி, மெல்லத் தணிந்து வந்தது. மென்பொருள் தயாராகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று எல்லாரும் நம்பினார்கள். வாடிக்கையாளரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அந்த ஆண்டு அவளுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

கதவு அணி மட்டும் ஏழு மாதமாகச் சிவப்பிலேயே இருந்தது. கேன்டீனில் ஒரு நாள் வன்னியராஜ் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மேடம், எங்க டீம் மட்டும்தான் மோசமா?" என்று கேட்டான்.

"மோசம்னு நான் சொல்லலையே."

"கலர் சொல்லுதுல்லா."

பாகீரதி கொஞ்சம் யோசித்து, "ஒரே மாதிரி இருக்கறதை எல்லாம் சேர்த்து ஒரே பதிவா போட்டுடேன். எண்ணிக்கை குறையும்" என்றாள்.

அவன் சிரித்தான். "ஒரே மாதிரி இருந்தா நானே சேர்த்திருப்பேன், மேடம்."

செப்டம்பரில் ராகேஷ் அதையே வேலையாகக் கொடுத்தார். பதிவுகளில் இரட்டைகள் நிறைய இருக்கின்றன, சுத்தம் செய்ய வேண்டும். தப்பான யோசனை என்று சொல்ல முடியாது, இரட்டைகள் இருக்கத்தான் செய்தன. ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கண்ணால் படித்துப் பிரிக்க ஆள் இல்லை. ஆகவே பாகீரதி ஒரு விதி எழுதினாள். ஒரே பகுதியில், ஒரே அறிகுறியுடன், அறுபது நாளுக்குள் இரண்டு பிழை பதிவாகியிருந்தால் பின்னால் வந்தது முன்னதோடு சேர்ந்துவிடும். ஒரு புதன்கிழமை அதை ஓட விட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் மறைந்தன. அவற்றில் அறுபத்தொன்று வன்னியராஜுடையவை. வியாழக்கிழமை கதவு அணியின் கட்டம் முதல் தடவையாகப் பச்சையானது.

அன்று மத்தியானமே அவன் இரண்டு தாள்களோடு வந்தான். ஒன்று 4390, மற்றது 4417.

"மேடம், ரெண்டுலயும் கதவு திறக்கச் சொல்லாமலே திறக்குது, அது சரி. ஆனா முதல்ல உள்ளது ரயில் நிக்கிறப்ப. இது ஓடுறப்ப. கரண்ட் ஒரு செகண்ட் போயிட்டுத் திரும்பி வந்தா, வண்டி நிக்குதுன்னு கன்ட்ரோலர் நினைச்சுக்கிடுது. இது வேற, அது வேற. முதல்லதைச் சரி பண்ணினா இது சரியாகாது, கேட்டோ."

பாகீரதி தாள்களை வாங்கிப் படித்தாள். அவன் சொன்னது புரிந்தது. மூன்று மணிக்கு வாடிக்கையாளர் கூட்டம் இருந்தது.

"நீ திரும்ப ஒரு தடவை புதுசா பதிஞ்சுடேன்" என்றாள்.

"புதுசா போட்டா மறுபடி சிவப்பு வரும் மேடம். இனிமே எண்ணிக்கை கூடக் கூடாதுன்னு எங்க லீட் சொல்லிட்டாரு. நீங்க பிரிச்சு விட்டீங்கன்னா பழைய நம்பர்லயே இருந்துக்கிடும்."

"செரி. அடுத்த வாரம் பாக்கறேன். தாள் இங்கேயே இருக்கட்டும்."

அடுத்த வாரம் வேறு வேலை வந்தது, அதற்கடுத்த வாரம் இன்னொன்று. மறந்துவிட்டாள் என்று சொல்வதற்கில்லை. மேஜையின் இடது பக்கத் தட்டில் அந்தத் தாள்கள் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தன. ஒன்றைப் பிரித்தால் இருநூற்றுப் பன்னிரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிவரும், பச்சையான கட்டம் மறுபடி சிவப்பாகும், ஏன் என்று ராகேஷ் கேட்பார். அதை நினைத்ததும் கை வேறு வேலைக்குப் போய்விடும்.

அக்டோபர் கடைசியில் ராகேஷின் அலுவலகத்திலிருந்து ஆள்வாரியாக ஒரு பட்டியல் கேட்டார்கள். யார் பெயரில் எத்தனை பதிவு, அதில் எத்தனை இரட்டை. அதுவரை அவள் தன் அறிக்கையில் ஆள் பெயர் போட்டதே இல்லை. இது உள்ளுக்குள் பார்ப்பதற்கு மட்டும் என்றார்கள். கொடுத்துவிட்டாள். இரட்டைகள் அதிகம் என்ற பத்தியில் முதல் பெயர் வன்னியராஜுடையது. நவம்பரில் அவனைத் திட்டத்திலிருந்து எடுத்தார்கள். வேறு வேலை கொடுக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். மூன்று வாரம் உட்கார்ந்திருந்துவிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுத்தான். கடைசி நாள் பாகீரதியின் இருக்கைப் பக்கம் வந்து "வரேன் மேடம்" என்று மட்டும் சொன்னான். தாள்களைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவளும் பேச்சை எடுக்கவில்லை.

2019 ஜனவரியில், பனி கொட்டும் ஒரு நாட்டில் ரயிலைச் சோதனை ஓட்டம் விட்டார்கள். பயணிகள் இல்லை, சோதனை ஆட்கள் மட்டும். மேல்கம்பியில் பனி படிந்து மின்சாரம் ஒரு நொடி அறுந்து திரும்பியது. ரயில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தபோதே இரண்டாவது பெட்டியின் கதவு திறந்தது. கதவோரம் சாய்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்த ஒரு டெக்னீஷியன் வெளியே விழுந்தார். ஐம்பத்தெட்டு வயதுக்காரர். உயிர் பிழைத்தது, இடுப்பெலும்பும் தோளும் நொறுங்கிவிட்டன. அவர் மறுபடி வேலைக்குத் திரும்பவில்லை.

பாகீரதியின் பிரிவில் மாளவிகா என்றொரு பெண் இருந்தாள். விசாரணைக்காகப் பழைய பதிவுகளைத் தோண்டும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் அவள் பாகீரதியின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"மேடம், இதே பிழை ஏற்கெனவே பதிவாகியிருக்கு. நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு. பனி மட்டும்தான் இல்ல, மத்ததெல்லாம் அப்படியே எழுதியிருக்கார். இரட்டைன்னு மூடியிருக்கு." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்க லாகின்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள் பாகீரதி.

அடுத்த சில நாட்கள் அவளும் உட்கார்ந்து பதிவுகளைத் தோண்டினாள். விதி அந்த ஒரு புதன்கிழமையோடு நிற்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை நிறுத்த அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாலு மாதம், பதிவுக் கருவியைப் புதுப்பித்த 2018 ஜனவரி வரை, அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்து, வந்த பதிவுகளையெல்லாம் விழுங்கியிருந்தது.

விசாரணை அறிக்கையின் வரைவில், கருவியின் தானியங்கி விதியில் நேர்ந்த தவறு என்று ஒரு வரி இருந்தது. யார் பெயரும் இல்லை. அப்படியே விட்டிருக்கலாம். பாகீரதி வீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். ரம்பப் பற்கள், மாதச் சராசரி, அறுபது நாள் விதி, மேஜையில் கிடந்த இரண்டு தாள்கள், ஆள்வாரிப் பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. நாகேஸ்வரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நன்னாத்தான் எழுதியிருக்கை. ஆனா மூணு எடத்துல ராகேஷ் சொன்னார், ராகேஷ் சொன்னார்னு வரதே. பட்டனை அமுக்கினது நீயாக்கும்" என்றார்.

"அவர் சொல்லித்தானே பண்ணினேன்?"

"சொன்னார். வேண்டாம்னு நீ சொல்லலையே."

அவள் தாளை வாங்கிக்கொண்டு போய் அந்த மூன்று இடத்தையும் அடித்தாள். மறுநாள் ராகேஷ் அவளைக் கூப்பிட்டு, இது தேவையில்லை சேச்சி, யாருக்கும் இதனால் நல்லது நடக்காது என்று உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அனுப்பிவிட்டேன் என்றாள். அறிக்கையின் ஏழாவது இணைப்பாக அது சேர்ந்தது. யாரையும் தண்டிக்கவில்லை. சிவப்பு, பச்சை நிறங்களை எடுத்துவிட்டார்கள். ராகேஷ் வேறு நகரத்துக்குப் பெரிய பதவியில் போனார். பாகீரதியைப் புதிதாகச் சேருபவர்களுக்கு வகுப்பெடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு ஆண்டு வகுப்பெடுத்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். விழுந்த டெக்னீஷியனுக்குக் கம்பெனி மூலமாக ஒரு கடிதம் அனுப்பினாள். பதில் வரவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

வன்னியராஜுக்கு மட்டும் அவள் எழுதவில்லை. ஃபோன் எண் இருந்தது. எடுத்துப் பார்ப்பாள், என்ன சொல்வது என்று வார்த்தை கூட்டுவாள், வைத்துவிடுவாள். மன்னித்துக்கொள் என்று கேட்பது தனக்காகக் கேட்பதாகத்தான் இருக்கும், அவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வாள். அப்படியே ஐந்து ஆண்டு போயிற்று.

2024 பிப்ரவரியில் பழைய சக ஊழியர்கள் சிலர் பொன்முடி மலைக்குப் போய்வந்து படங்கள் அனுப்பினார்கள். வழியில் கல்லாறில் சாப்பிட்ட இடத்தில் வன்னியராஜைப் பார்த்ததாக மாளவிகா எழுதியிருந்தாள். மனைவி ஷிஜாவின் ஊர் அது. ஆற்றங்கரை ஓரம் இருவரும் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். அடுத்த திங்கட்கிழமை பாகீரதி நாகேஸ்வரனிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள்.

கடையில் அந்த நேரம் கூட்டம் இல்லை. வன்னியராஜ் மேஜை துடைத்துக்கொண்டிருந்தான். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது, முன்தலையில் முடி குறைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"மேடம். வாங்க, இரிங்க. தனியாவா வந்தீங்க?"

டீ கொண்டுவந்து வைத்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை. 4417ஐப் பற்றிப் பேச வந்தேன் என்றாள். அவன் எதிரே உட்கார்ந்தான்.

"தெரியும், மேடம். அப்பவே கூட இருந்தவன் ஒருத்தன் ஃபோன் பண்ணிச் சொன்னான். அந்த ஆளு இப்ப நடக்காராமா?"

"தெரியலை."

அவன் ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்.

"நான் திரும்பப் போட்டிருக்கணும், மேடம். நீங்க சொன்னீங்கல்லா, புதுசா பதின்னு. எனக்கு ஒரு வாசி, வீம்பு. இவ்வளவு எழுதியும் மதிக்கலை, கெடந்து அனுபவிக்கட்டும்னு விட்டுட்டேன். சிவப்பு வந்தா வந்துட்டுப் போட்டும்னு ஒரு தடவை போட்டிருந்தா அந்த மனுசன் விழுந்திருக்க மாட்டாரு. அதுக்கப்புறம் நாலஞ்சு இடத்துல வேலைக்குக் கூப்பிட்டாங்க. கம்ப்யூட்டர் முன்னால உட்கார முடியலை."

அவன் தன்மேல் கோபமாக இருப்பான் என்று நினைத்து வந்திருந்தாள். கோபத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தாள். இதற்கு ஒன்றும் யோசித்து வைக்கவில்லை.

"வன்னியராஜ், நீ போட்டிருந்தாலும் நின்னிருக்காது" என்றாள்.

"எப்படி?"

"அந்த விதி ஒரு நாளோட நிக்கலை. ஜனவரி வரைக்கும் ஓடிண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல எனக்குத் தோணலை. கதவுல அந்த அறிகுறியோட எதாவது ஒண்ணு எப்பவும் பதிவுல இருந்துண்டே இருந்தது. நீ அன்னிக்கே போட்டிருந்தாலும் ராத்திரிக்குள்ள இரட்டைன்னு மூடியிருக்கும். அடுத்த நாள் போட்டிருந்தாலும் அதேதான். நீ அங்கே இருந்த கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான். நான் ஒவ்வொரு நாளா பாத்தாச்சு."

அவன் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தான்.

"உறப்பா, நிச்சயமாவா?"

"சத்தியமா. அதைப் பிரிச்சு விடற அனுமதி எனக்கு மட்டும்தான் இருந்தது."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பாகீரதி டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.

"விசாரணை நடந்தப்பவே. அஞ்சு வருஷமாறது."

வன்னியராஜ் எழுந்து போய்க் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றான். ஒரு பஸ் பொன்முடிப் பக்கம் திரும்பி ஏறிப் போனது. திரும்பி வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. சமையலறைப் பக்கம் பார்த்து ஷிஜாவைக் கூப்பிட்டான். ஈரக்கையைத் துடைத்தபடி அவள் வந்து நின்றாள்.

"இப்ப சொன்னதை இவகிட்டயும் ஒரு தடவை சொல்லுங்க மேடம். மலையாளத்தில பறஞ்சா போதும். நான் பறஞ்சா இவ விஸ்வசிக்க மாட்டா."

விசாரணைக்கு இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தது வரை பாகீரதி முதலிலிருந்து சொன்னாள். ஷிஜா நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் கணவனைப் பார்த்தாள், பிறகு பாகீரதியைப் பார்த்தாள்.

"இந்த ஒரு வார்த்தை அன்னைக்கே ஒரு ஃபோன்ல சொல்லியிருந்தா போதுமாயிருந்திருக்கும், மேடம்" என்றாள். குரலில் சண்டை இல்லை. உள்ளே அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது, போய்விட்டாள்.

பாகீரதி தலையை ஆட்டினாள். வன்னியராஜ் அந்த இரண்டு பக்க வாக்குமூலத்தின் பிரதி கிடைக்குமா என்று கேட்டான். அனுப்புகிறேன் என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். மறுக்காமல் உட்கார்ந்து, அவன் பரிமாறியதைச் சாப்பிட்டாள். இரண்டு பேரும் வேறு விஷயங்கள் பேசினார்கள், அவன் அப்பாவின் உடம்பு, நாகேஸ்வரனின் சர்க்கரை வியாதி. மூன்றே காலுக்கு நகரத்துக்குப் போகும் பஸ் வந்தது. அவன் கூடவே வந்து கையைக் காட்டி நிறுத்தி, அவள் ஏறி உட்காரும் வரை கீழே நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பிரதியை எடுத்து அனுப்பினாள். அவனிடமிருந்து, கிடைத்தது மேடம், என்று ஒரு வரி வந்தது. அவன் மென்பொருள் வேலைக்குத் திரும்பவில்லை. அதற்கு இனி வயதும் மனமும் இல்லை என்று மாளவிகாவிடம் சொன்னானாம். பாகீரதி அதைக் கேட்டு, 2019ஆம் ஆண்டு அவனுக்கு என்ன வயது இருந்திருக்கும் என்று மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். முப்பத்து மூன்று.